ஒரு குழிக்கு இரண்டு கன்றுகள்

எங்கள் வீட்டின் பின்வளவில் ஒரு குழி கிடக்கிறது. யாரும் வெட்டிய குழியல்ல. 2012இல் தறிக்கப்பட்ட ஒரு பலாமரத்தின் அடிக்கட்டை மெல்ல மெல்ல உக்கி, கறையான் தின்று, ஒரு பெருமழையோடு மண் உள்ளிறங்கியதால் ஏற்பட்டது. ஒரு ஆள் குந்தியிருக்கக்கூடிய அளவு அகலம். இடுப்பளவு ஆழம்.

மண் போட்டு மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனைவி விடவில்லை.

"எனத்துக்கு மூடுற? மரமொண்டு வெச்சா நல்லந்தானே."

நல்லதுதான். ஆனால் என்ன மரம் என்பதில்தான் தொடங்கியது பிரச்சினை. அவள் ஈரப்பலா என்றாள். நான் பலா என்றேன். ஒரு கிழமைக்குள் இரண்டு கன்றுகளுமே வீடு வந்து சேர்ந்துவிட்டன. ஈரப்பலாக் கன்று மனைவியின் தாய் வீட்டிலிருந்து, ஈரச் சாக்கில் சுற்றப்பட்டு பஸ்ஸில் வந்தது. பலாக் கன்றை பக்கத்து வளவுச் சிங்களப் பெரியவர் ஒரு பழைய பால்மாப் பையில் முளைக்க வைத்து வேலிக்கு மேலால் நீட்டினார். எங்கள் வளவோ பன்னிரண்டு பேர்ச்சஸ். வீடும் கிணறும் மலசலகூடக் குழியும் போக எஞ்சியதில் ஒரு பெருமரத்துக்கு மேல் இடமில்லை.

ஒன்பதாம் ஆண்டில் படிக்கும் மகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"வாப்பா, ரெண்டும் ஒண்டுதானே?"

அவளில் பிழையில்லை. வளர்ந்த பலாவின் இலை பிளவில்லாமல் வழுவழுப்பாகவும் தடிப்பாகவும் உள்ளங்கையளவில் இருக்கும். ஈரப்பலாவின் இலையோ விரல் விரித்த பெருங்கையைப் போல வெட்டு வெட்டாகப் பிளந்து, ஒன்றே ஒரு சோற்றுக் கோப்பையை மூடும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். ஆனால் சின்ன வயதில் பலாவின் இலையும் சில வேளை இரண்டாய் மூன்றாய்ப் பிளந்துதான் வரும். மரம் முதிர முதிரத்தான் அந்தப் பிளவுகள் மறையும். குழந்தைப் பருவத்தில் சகோதரர்களின் முகங்கள் ஒத்திருப்பது போல.

சகோதரர்கள் என்பதும் வெறும் உவமையல்ல. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த விரிவுரையாளர் ஒருநாள் விடுதிச் சாப்பாட்டில் ஈரப்பலாக்காய்க் கறியைக் கண்டுவிட்டு அங்கேயே பாடம் தொடங்கிவிட்டார். இரண்டு மரமும் ஆட்டோகார்பஸ் என்ற ஒரே சாதியைச் சேர்ந்தவை. அந்தப் பெயர் கிரேக்க மொழியில் ரொட்டியையும் பழத்தையும் குறிக்கும் இரு சொற்களால் ஆனது. அதாவது ரொட்டிப்பழம். ஈரப்பலாவுக்குப் பொருந்திய பெயரைத்தான் பலாவும் சுமந்துகொண்டு நிற்கிறது. இரண்டிலும் ஒரு காய் என்று நாம் சொல்வது நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாய் இணைந்து உண்டானது. இரண்டிலும் காயம்பட்டால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கத்தியில் ஒட்டினால் தேங்காயெண்ணெய் தடவாமல் போகாது.

ஒற்றுமை அவ்வளவுதான். அதற்கப்பால் இரண்டும் இரு வேறு குணம்.

பலா விதையிலிருந்து பிறக்கிறது. பழம் தின்ற பின் கொட்டையைக் காயவிடாமல் உடனேயே நட வேண்டும். சில கிழமை காய்ந்து கிடந்தால் முளைக்கும் சக்தி போய்விடும். முளைத்ததும் ஆணிவேரை நேரே கீழே இறக்கும். பையில் அதிக நாள் வைத்தால் அந்த வேர் அடியில் சுருண்டு, பிறகு ஆயுளுக்கும் கோணல்தான். காய்க்க ஐந்து தொடக்கம் எட்டு வருடம், சில மரங்களுக்கு அதற்கும் மேல். காய்க்கத் தொடங்கினால் கிளை நுனியில் அல்ல, அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் காய்க்கும். அவ்வளவு பாரத்தை நுனிக்கிளை தாங்காது என்பதை அதைப் படைத்தவன் அறிவான்.

நம் ஊர் ஈரப்பலாவில் விதையே இல்லை. அது வேரிலிருந்து பிறக்கிறது. மண்ணுக்கு மேலால் ஓடும் வேரில் ஓரிடத்தில் மண்வெட்டி பட்டுக் காயமானால் அவ்விடத்தில் கன்றொன்று கிளம்பும். அதை வேர்த்துண்டோடு பிரித்தெடுத்து நட்டால் மூன்று, நான்கு வருடங்களில் காய் பறிக்கலாம். காய்கள் கிளை நுனிகளில் தொங்கும். கிளைகளோ முறுகற் கிளைகள். ஏறிப் பறிப்பது ஆபத்து, கொக்கத்தடிதான் வேண்டும். காற்றுக்கு முறிந்து கூரையில் விழும் குணமும் உண்டு. பறித்த காயை இரண்டு மூன்று நாளைக்கு மேல் வைத்திருக்க இயலாது. தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும்.

இதில் என் மனதைத் தொட்ட வித்தியாசம் ஒன்றுண்டு. வேரிலிருந்து வருவதால் ஈரப்பலாக் கன்று தாய் மரத்தின் அச்சொட்டான பிரதி. அதே காய், அதே ருசி. பலாக் கன்று அப்படியல்ல. அது பிள்ளை. வருக்கன் பழத்துக் கொட்டையை நட்டால் கூழன் வரலாம். தேன் போன்ற மரத்தின் பிள்ளை சப்பென்றும் இருக்கலாம். காய்க்கும் வரை தெரியாது.

*

இரண்டு மரங்களுக்கும் பின்னால் சரித்திரமும் உண்டு.

ஈரப்பலா தென்கடல் தீவுகளின் மரம். சிங்களத்தில் இதற்கு 'ரட்ட தெல்' என்றும் பெயர். 'ரட்ட' என்றால் பிற தேசத்தது. நம் ஈரவலயக் காடுகளில் நிற்கும் தெல் மரம் வேறு, அது இலங்கைக்கே உரியது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்ட ஆபிரிக்கர்களுக்கு மலிவான உணவு தேடிய ஆங்கிலேயர், 1787இல் வில்லியம் பிளை என்ற கப்டனை பவுன்ட்டி என்ற கப்பலில் தஹிட்டித் தீவுக்கு அனுப்பினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈரப்பலாக் கன்றுகளோடு திரும்பும் வழியில், 1789 ஏப்ரலில், மாலுமிகள் கலகம் செய்து கப்டனைச் சிறு படகொன்றில் இறக்கிவிட்டுக் கன்றுகளையும் கடலில் எறிந்தார்கள். அம்மனிதர் விடவில்லை. மறுபடி ஒரு பயணம் போய் 1793இல் கன்றுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த காயை அந்த அடிமைகள் முதலில் விரும்பி உண்ணவில்லையாம். யார் பசிக்கு எது உணவு என்பதை வேறொருவன் தீர்மானித்தால் அப்படித்தான்.

பலா அயலவன். இந்தியாவின் மேற்குமலைத் தொடரைத் தாயகமாகக் கொண்டது. பாவாதமலையைத் தரிசிக்க 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, தன் பயண நூலில் இந்தியாவைப் பற்றிச் சொல்லுமிடத்தில், அடிமரத்திலேயே காய்க்கும் இந்த அதிசயப் பழத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். நிலத்துக்கு அண்மையில் காய்ப்பதுதான் அதிக இனிப்பு என்பது அவர் கணிப்பு. பலாப்பழம் வெட்டத் தெரிந்த எவரோ அவருக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் பலாவோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ஆதர் வீ. டயஸ். பாணந்துறைக்காரர். பத்து லட்சம் பலா நடும் இயக்கத்தை முன்னெடுத்தவர். சிங்கள மக்கள் இன்றும் அவரை 'கொஸ் மாமா' என்கிறார்கள். 1915 கலவரத்தையடுத்து ஆங்கிலேயர் சிறையிலடைத்த தலைவர்களுள் அவரும் ஒருவர். 1915 என்றதும் முஸ்லிம்களாகிய நமக்கு எரிந்த கடைகளும் பள்ளிவாசல்களும்தான் நினைவுக்கு வரும். அது நியாயமானதே. ஆயினும் அந்த மனிதர் பரப்பிய மரம் யார் வளவில் முளைத்தாலும் பசிக்குப் பேதம் பார்க்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிற்காலத்தில் சட்டமும் இந்த இரண்டு சகோதரர்களுக்கும் காவல் வைத்தது. 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும், சொந்த வளவில் நின்றாலும், அனுமதியின்றித் தறிக்க முடியாது. மூன்றும் பஞ்சத்தில் சோறு போடும் மரங்கள்.

இந்தச் சட்டத்தை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதை ஏமாற்றித் தெரிந்துகொண்டேன்.

*

அந்தக் குழியில் நின்றது என் வாப்பா வைத்த மரம். தேன் வருக்கன். பொலொஸாக, பிலாக்காயாக, பழமாக, கொட்டையாக நாலு பருவத்திலும் எங்களுக்குச் சாப்பாடு தந்தது. எழுபதுகளில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்த காலத்தில் எங்கள் குடும்பம் அதில்தான் பிழைத்ததென்று உம்மா சொல்வார். காய்ந்த மணலில் புதைத்து வைத்த கொட்டைகள் மாதக்கணக்கில் கறிக்கு உதவின. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது ஊரில் உழ்ஹிய்யாவுக்கு ஆடு வாங்கிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் மரத்தடிக்குத்தான் இலை பொறுக்க வருவார்கள். வாப்பா ஒருவரையும் ஏசியதில்லை.

2009இல் வாப்பா வபாத்தானார். மூன்று வருடத்தில் தங்கையின் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேட்காவிட்டாலும் கொடுப்பதுதான் நமது பழக்கம். கட்டில், அலுமாரி, மேசை என்று ஒரு பட்டியல். அப்போது நான் கலாசாலையை விட்டு வந்து சில வருடங்கள்தான். சம்பளம் வருவதும் போவதும் ஒரே நாளில். மரத்திலேயே தளபாடம் செய்யலாமே என்று தச்சுப் பாஸிடம் கேட்டேன். பச்சை மரத்தை அரிந்து மாதக்கணக்கில் காயவிடாமல் வேலை செய்தால் கோணிப் போகும் என்றார். கலியாணத்துக்கு இருந்ததோ ஐந்து கிழமை. நின்ற நிலையில் மரத்தை விற்றுவிட்டு, அந்தக் காசில் கடையில் தளபாடம் வாங்குவதென்று நானே முடிவு செய்தேன்.

அனுமதி எடுக்கக் காரணம் எழுத வேண்டும். நான் எழுதினேன். "மேற்படி மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்து, உயிராபத்து விளைவிக்கக்கூடிய நிலையில் உள்ளது." வகுப்பில் கரும்பலகையில் எழுதும் அதே உறுப்பான எழுத்து. கீழே கையொப்பம், அதற்குக் கீழே ஆசிரியர் என்ற பதவி.

பார்வையிட வந்த உத்தியோகத்தர் இளைஞர். மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மரம் வீட்டுப் பக்கம் சாயவில்லை. பள்ளத்துப் பக்கமாகத்தான் சற்றுச் சாய்ந்து நின்றது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். "சேர் எழுதினா சரியாத்தான் ஈக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்துப் போய்விட்டார். அவர் லஞ்சம் கேட்கவில்லை, நான் கொடுக்கவுமில்லை. வாத்தியார் பொய் எழுதமாட்டார் என்ற ஊரின் நம்பிக்கையைத்தான் நான் அன்று செலவழித்தேன்.

உம்மா ஒரேயொரு முறை கேட்டார்.

"அது நிண்டு ஒங்களுக்கு எனத்தியன் செஞ்ச மகன்?"

தங்கையின் காரியம் என்றேன். அதன் பிறகு அவர் பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தார்கள். கயிறு கட்டி, வாளைப் பிடித்து, ஜும்ஆவுக்கு முன்பே முடித்துவிட்டார்கள். கயிற்றை இழுக்கவே தேவையில்லாமல் போயிற்று. மரம் தன் பாட்டில் பள்ளத்துப் பக்கம், வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் போய் விழுந்தது. பார்த்துக்கொண்டு நின்ற அயலவர்கள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

உம்மா வெளியே வந்து, விழுந்த மரத்தில் கிடந்த பிஞ்சுகளையெல்லாம் பிடுங்கியெடுத்தார். இருபத்து மூன்று. அத்தனையையும் எங்கள் வீடுகளுக்கும் சிங்கள வீடுகளுக்குமாகக் கொடுத்தனுப்பினார். எங்கள் அடுப்பில் அன்று பொலொஸ் சமைக்கவில்லை.

அறுந்த அடிமரத்தின் உள்வைரம் நல்ல மஞ்சள். காற்றுப்பட்டு, மாலையாகும்போது கறுக்கத் தொடங்கியிருந்தது. லொறி அதை ஏற்றிக்கொண்டு போயிற்று. கடையில் வாங்கிய பலகை அலுமாரி தங்கையின் வீட்டு ஈரத்துக்கு நாலாம் வருடமே ஊதி, கதவு சாத்த முடியாமல் போனது.

*

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். எரிவாயு இல்லை. பெற்றோல் இல்லை. ஜூன், ஜூலையில் பாடசாலைகளும் கிழமைக்கணக்கில் மூடிக் கிடந்தன. அரிசி விலை ஏறிய வேகத்தில் என் சம்பளம் மாதத்தின் பாதியிலேயே இளைத்துப் போனது. விறகடுப்பு மூட்டி உம்மா சமைக்க உட்கார்ந்தார். சமைக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் பின்வளவுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பார்வையைத் தவிர்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

ஒரு மாலை பக்கத்து வளவுப் பெரியவர் அரைப் பிலாக்காயோடு வந்தார். இரண்டு நாளைக்குப் பின் மறுபடியும். அவர்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் ஆறு பேர். காசு கொடுக்கப் போனேன். சிங்களத்தில் சொன்னார்:

"இஸ்கோல மாத்தயா, இது உங்கள் மரம்தான். உங்கள் தாத்தா தந்த பழத்துக் கொட்டையை நான் நட்டது. எனக்கெதற்குக் காசு?"

சிங்களத்தில் 'தாத்தா' என்றால் தகப்பன். என் வாப்பா.

அந்த வருடம் முழுவதும், அல்லாஹ்வின் உதவியால், எங்கள் வீட்டில் ஒருவரும் பசியோடு படுக்கவில்லை. நான் தறித்த மரத்தின் பிள்ளை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சோறு போட்டது. இப்போது பால்மாப் பையில் வந்திருப்பது அதன் பிள்ளை. வாப்பா வைத்த மரத்தின் பேரன்.

நான் ஏன் பலாதான் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

*

மனைவியின் வாதமும் இலேசானதல்ல.

"நீங்க வெக்கிற பிலா காய்க்கிற நேரம் மகளுக்குக் கலியாணமும் முடிஞ்சீக்கும். ஈரப்பலா எண்டா மூணு நாலு வருசம். அவிச்சித் தேங்காப்பூவும் மிளகாச் சம்பலும் வெச்சா ஒரு நேரச் சாப்பாடு முடிஞ்ச."

நான் விடவில்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாக அமையும் என்ற கருத்திலமைந்த ஹதீஸைச் சொன்னேன். பலா நூறாண்டு நிற்கும், மரமும் வைரம், பரம்பரைக்கும் நன்மை என்றெல்லாம் விளக்கினேன். எங்கள் பழைய பள்ளிவாசலின் மிம்பர் பலாப்பலகை என்பதையும், பௌத்த துறவிகளின் காவியுடைக்குச் சாயம் காய்ச்சியதும் பலா வைரத்தில்தான் என்பதையும் சொன்னேன். வகுப்பெடுப்பது வாத்தியார் வருத்தம்.

திண்ணையில் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உம்மா என் பக்கம் நிற்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவர் சொன்னது இதுதான்:

"ஈரப்பலாவ வைங்க மகன். புள்ளைங்க தின்னட்டும். பிலா ஒங்கட கடன். ஊட்டுக்குள்ளயே ஒரு கையால குடுத்து மத்தக் கையால வாங்கிட்டு, கடன் தீந்த எண்டு செல்லாதீங்க."

நான் வாயடைத்துப் போனேன். இத்தனை வருடமாக அந்தக் கடிதத்தைப் பற்றி உம்மா ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவருக்கு எழுத வாசிக்க அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மரம் விழுந்த திசையை அவரும் பார்த்தவர்தானே.

அடுத்த நாள் குழியில் ஈரப்பலாவை நட்டோம். குசினிச் சுவருக்கும் அதற்கும் இருபத்தைந்து அடி. மரம் உயரும்போது நடுக்குருத்தை வெட்டி விட்டால் பக்கக் கிளைகளோடு தணிந்து வளரும், கூரைக்கும் பயமில்லை, காய் பறிக்கவும் இலகு. வேர் மேலால் ஓடும் மரமாதலால் அடியில் கொத்தாமல் சருகு போட்டு மூடினோம். மனைவி 'பிஸ்மில்லாஹ்' சொல்லித் தண்ணீர் ஊற்றினாள்.

பலாவுக்கு இடம் தேடிப் பள்ளிவாசல் நிர்வாக சபையிடம் போனேன். மையவாடியின் கீழ் மூலையில், வேலியோரம் வைக்க அனுமதி கேட்டேன். ஒருவர் வேர் கப்றுகளுக்குள் போகும் என்றார். இன்னொருவர் சருகு கூட்டுவது யார் என்று கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். கப்றுகளிலிருந்து நன்றாகத் தள்ளி, அடக்கம் செய்யப்படாத சரிவில் நடுவதென்றும், சருகுக்கு நான் பொறுப்பென்றும் முடிவாயிற்று. பழத்தை யார் எடுப்பது என்ற கேள்வியும் வந்தது. வழியால் போகிறவர்கள் எடுக்கட்டும் என்றேன். தலைவர் சிரித்தார்.

"சேர் ஒரு கடிதம் எழுதித் தாங்க. கூட்ட அறிக்கையில சேக்கணும்."

எழுதினேன். இம்முறை மரம் எந்தப் பக்கம் சாயுமென்று எதுவும் எழுதவில்லை. இன்ன இடத்தில் ஒரு பலாக் கன்று நட அனுமதி வேண்டுகிறேன், அதன் பயனில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ தனி உரித்தில்லை என்று மாத்திரம் எழுதிக் கையொப்பமிட்டேன். பதவியையும் எழுதினேன், சற்றுத் தயங்கிவிட்டு.

எனக்கு வயது நாற்பத்தாறு. அது காய்க்கும்போது நான் ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருப்பேன், ஹயாத் இருந்தால். பழம் தேன் வருக்கனாக இருக்குமா, கூழனாக இருக்குமா என்பது தெரியாது. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பின் வாப்பாவின் கப்றை ஸியாரத் செய்துவிட்டு, அந்தச் சரிவில் இறங்கி ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். போன கிழமை பார்த்தேன். ஆடு கடிக்காமல் கட்டிய வேலிக்கு மேலால் இரண்டு புதிய இலைகள். பிளவில்லாத இலைகள்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். அவர் ஈரப்பலாவைத்தான் விசாரித்தார்.

"அதுக்கும் தண்ணி ஊத்தினீங்களா மகன்?"